பரந்தனில் இருந்தபடி டிஸ்னிலாண்டின் 70 வயதைப் பின்தொடர்வது எப்படி

2005 இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், ரொறன்ரோவில் இருக்கும் அக்கா ஒரு பார்சல் அனுப்பினாள். பிள்ளைகளின் சட்டைகளுக்கு நடுவே ஒரு பெரிய வரைபடம் மடித்து வைத்திருந்தது. கலிபோர்னியாவின் அனகைம் நகரில் உள்ள டிஸ்னிலாண்டின் படம். அந்த வருடம் பூங்காவுக்கு 50 வயது. அக்கா குடும்பத்தோடு போய் வந்திருந்தாள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அதை விரித்து வைத்து, ஒவ்வொரு பாதையாக விரலால் நடந்து பழகினேன்.

2009 இல் விட்டு வந்தவற்றோடு அதுவும் போய்விட்டது. முகாமிலிருந்து திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில், ஒரு சி.ஆர். கொப்பியில் நினைவிலிருந்து அதைத் திரும்ப வரைந்தேன். அந்தக் கொப்பி இன்றும் என்னிடம் இருக்கிறது. பூங்காவில் நான் இன்னும் கால் வைக்கவில்லை. ஆனால் 2025 மே 16 இல் 70 ஆவது ஆண்டுக் கொண்டாட்டம் தொடங்கியதிலிருந்து, இதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் வீடியோவைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் அதிகம். ஒருவர் "பூங்காவைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார், இன்னொருவர் "இப்போதுதான் நன்றாக இருக்கிறது" என்கிறார், யாரை நம்புவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நான் பின்தொடரும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வரைபடம் கீறுங்கள். வீடியோவை மட்டும் பார்த்தால் எந்த மூலை எங்கே என்று பிடிபடாது. 1955 இல் திறந்தபோது ஐந்து பகுதிகள்: வாசலில் மெயின் ஸ்ட்ரீட், உள்ளே அட்வென்ச்சர்லாண்ட், ஃப்ரண்டியர்லாண்ட், ஃபேண்டசிலாண்ட், டுமாரோலாண்ட். நடுவில் கோட்டை. அதன் உயரம் 77 அடிதான். எங்கள் பக்கத்தில் நன்றாக வளர்ந்த ஒரு பனை அதைவிட உயரம். மேலே போகப் போகக் கற்களைச் சிறிதாக்கிக் கட்டியதால்தான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. முழுவதையும் சுற்றி ஒரு ரயில் பாதை போடுங்கள். பென்சிலால் கீறுங்கள், ஆனால் எதையும் அழிக்காதீர்கள். ஒன்று மாறினால் பழைய பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வருடத்தை எழுதுங்கள். கொஞ்ச நாளில் அந்தக் கோடுகள்தான் உங்களுக்கு வரலாற்றைச் சொல்லித்தரும்.

அடுத்தது, எந்தப் பூங்காவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் வருகிறது. அனகைமில் இருப்பது 1955 ஜூலை 17 இல் திறந்த டிஸ்னிலாண்ட். ஃப்ளோரிடாவில் இருப்பது 1971 இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 2025 ஜூலையில் ஆற்றை மூடிவிட்டார்கள் என்று ரசிகர்கள் அழுதது ஃப்ளோரிடாவின் ஆற்றுக்கு. அனகைமில் மார்க் ட்வெய்ன் என்ற துடுப்புச் சக்கரக் கப்பல், முதல் நாளிலிருந்து ஓடுகிற அதே ஆற்றில் இன்னும் ஓடுகிறது.

ஆறு என்று சொன்னாலும் அது வெட்டிய குளம்தான். 1955 இல் முதல்முறை தண்ணீர் விட்டபோது நிலம் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டது. பிறகு களிமண் கொண்டுவந்து அடியில் பரப்பித்தான் தண்ணீரை நிறுத்தினார்கள். இரணைமடுக் குளத்தின் கீழே வயல் செய்கிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. 2016 இல் அந்த ஆற்றின் வடக்குப் பக்கத்தை வெட்டிக் குறுக்கினார்கள், 2019 இல் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதிக்கு இடம் எடுப்பதற்காக. ஆறு போச்சு, ரயில் போச்சு என்று அப்போதும் பெரிய கவலை. 2017 இல் இரண்டும் திரும்ப ஓடின. புதிய பாதையில் ரயில் முதல்முறையாக இடப்பக்கம் திரும்புகிறது, கரையில் பாறைகளும் அருவிகளும் வந்தன. பயந்தவர்களில் பலர் இது முன்பைவிட அழகு என்று பிறகு சொன்னார்கள். அதனால் ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்ட அன்றே முடிவு கட்டாதீர்கள். திறந்து ஒரு வருடம் கழித்துத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

முழுப் பூங்காவையும் ஒரே நேரத்தில் படிக்க முடியாது. ஒரு மூலையைப் பிடியுங்கள். நான் பிடித்தது மேற்குப் பக்க மூலை. 1972 இல் அதை 'பேர் கண்ட்ரி' (Bear Country) என்றார்கள், அதாவது கரடி நாடு. பாட்டுப் பாடும் இயந்திரக் கரடிகளின் அரங்கு அங்கே இருந்தது. 1988 இல் பெயர் கிரிட்டர் கண்ட்ரி ஆனது. 1989 ஜூலை 17 இல், பூங்காவின் பிறந்தநாளிலேயே, ஸ்ப்ளாஷ் மவுண்டன் திறந்தது. மரக்குற்றி போன்ற படகில் ஏறிப் போய், கடைசியில் சுமார் 50 அடி உயரத்திலிருந்து தண்ணீருக்குள் விழும் சவாரி. அதற்குள் இருந்த அசையும் பொம்மைகளில் பல, டுமாரோலாண்டில் 1974 முதல் 1988 வரை நடந்த வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எடுத்து வந்தவை. 2001 இல் கரடி அரங்கு மூடப்பட்டு, 2003 இல் அங்கே வின்னி த பூ என்ற கதைக் கரடியின் சவாரி வந்தது. 2023 இல் ஸ்ப்ளாஷ் மவுண்டனும் மூடப்பட்டு, 2024 நவம்பர் 15 இல் அதே தடத்தில் டியானா என்ற டிஸ்னிப் பட இளவரசியின் சவாரி திறந்தது. இப்போது அந்த மூலையின் பெயர் பாயூ கண்ட்ரி. என் கொப்பியில் அந்தப் பக்கம் முழுக்கக் கோடுகள்தான். ஸ்ப்ளாஷ் மவுண்டனைப் பழைய, மாறாத ஒன்றாகச் சொல்லி அழுகிறவர்களுக்கு, அது வந்தபோதும் யாரோ ஒருவருடைய பொம்மைகள் இடம் மாறித்தான் வந்தன என்று இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

இனி கருத்துகளை எப்படிக் கேட்பது என்பது. யார் என்ன சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: முதல்முறை போனது எந்த வருடம்? 1980களில் போனவருக்கு டுமாரோலாண்டில் 1995 இல் நின்றுபோன பீப்பிள் மூவர் என்ற, உயரத் தடத்தில் மெதுவாகச் சுற்றிய வண்டிதான் பூங்கா. அதன் வெறும் தடம் இன்னும் தலைக்கு மேலே நிற்பது அவருக்கு வலி. 2019 க்குப் பிறகு போன பிள்ளைக்கு ஸ்டார் வார்ஸ் பகுதிதான் பூங்கா. எனக்கோ 2005 இன் வரைபடம். கிரிட்டர் கண்ட்ரி என்ற பெயரைக் கோடிட்ட அன்று என் கை கொஞ்சம் நின்றது, மறைக்கவில்லை. இந்தத் துக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாதீர்கள். ஊருக்குத் திரும்பி வந்து, படலை எங்கே இருந்தது, கிணற்றடிப் புளி எங்கே நின்றது என்று தேடியவர்கள் நாங்கள். இரண்டும் ஒரே அளவு இழப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரிந்த இடத்தைக் காணாமல் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

பிறகு அவருடைய கருத்தை இரண்டாகப் பிரியுங்கள்: ஏன் மாற்றினார்கள், மாற்றியது நன்றாக வந்ததா. டியானாவின் சவாரியில் இதைச் செய்து பாருங்கள். ஸ்ப்ளாஷ் மவுண்டனின் கதை 1946 ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து எடுத்தது. அடிமை முறைக்குப் பிந்திய காலத்துக் கறுப்பின மக்களை அது காட்டிய விதம் தொடக்கத்திலிருந்தே கண்டிக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டு, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியை அங்கே வைத்தது சரி என்பதே என் எண்ணம், இதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இரண்டாவது கேள்வியில் குறை சொல்லும் ரசிகர்கள் பக்கம்தான் நான். பழைய சவாரியில் விழுவதற்கு முன்னால் இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் மேலிருந்து பயமுறுத்தும். புதியதில் விருந்துக்கு வாத்தியக்காரரைத் தேடிப் போகிறோம், எதிரி என்று யாரும் இல்லை. விழுகிற சவாரிக்கு விழுவதற்கான காரணம் வேண்டும். பொம்மைகளோ மிக அழகு, முகத்தில் உணர்ச்சி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனாலும் கதை வழுவழுவென்று போய்விடுகிறது.

70 ஆவது ஆண்டின் பெரிய விவாதம் வேறு. 2025 ஜூலை 17 இல் மெயின் ஸ்ட்ரீட்டின் ஒப்பேரா ஹவுசில், பூங்காவை உருவாக்கி 1966 இல் இறந்த வால்ட் டிஸ்னியைப் போலவே பேசி அசையும் உருவத்தை வைத்து ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். அதற்காக, வால்ட் தானே செய்வித்த ஆபிரகாம் லிங்கன் உருவம் மேடையை விட்டுக்கொடுத்தது. வால்ட்டின் பேத்தி ஒருவர் இதை வெளிப்படையாக எதிர்த்தார். வால்ட்டையே நேரில் பார்த்தது போல இருந்தது என்று கண்கலங்கிய ரசிகர்களும் உண்டு. பேச்சு, வால்ட்டின் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்த அவருடைய சொந்தக் குரல். இந்த இடத்தில் நான் கனக்க யோசித்தேன். எங்கள் அப்பாவின் குரல் இருந்த ஒரே கசற் இடப்பெயர்வில் தொலைந்தது. அந்தக் குரலைத் திரும்பக் கேட்க நான் எவ்வளவும் கொடுப்பேன். ஆனால் அப்பாவைப் போல எழுந்து நின்று கையசைக்கும் ஓர் உருவத்தைக் கேட்க மாட்டேன். அதனால் குரலை வைத்ததை வரவேற்கிறேன், உருவத்தை ஏற்க முடியவில்லை. உங்களுக்கு வேறுமாதிரித் தோன்றலாம். எந்த இழப்பிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

நேரம், டேட்டா பற்றிச் சுருக்கமாக. கோடை காலத்தில் அவர்கள் எங்களைவிட 12½ மணி நேரம் பின்னால். அங்கே காலை 8 மணிக்கு வாசல் திறக்கும்போது எங்களுக்கு இரவு 8.30. இரவு 9.30 வாணவேடிக்கை என்றால் எங்களுக்கு அடுத்த நாள் காலை 10 மணி. நவம்பர் முதல் மார்ச் வரை இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நேரலைக்காக டேட்டாவைக் கொட்டாதீர்கள். ஒரு சவாரியை வாசலிலிருந்து கடைசி வரை வெட்டாமல் எடுத்த வீடியோவை, அதே சவாரியின் பழைய வீடியோவோடு அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

கடைசியாக, சொந்தக்காரர் யாராவது அங்கே போவதாக இருந்தால் வாணவேடிக்கையை எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், அது எல்லோரிடமும் இருக்கிறது. சின்னச் சின்ன விஷயங்களைக் கேளுங்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் தீயணைப்பு நிலையத்தின் மேலே வால்ட்டின் சிறிய வீடு இருக்கிறது. அவருடைய நினைவாக அதன் யன்னலில் ஒரு விளக்கு எப்போதும் எரியும். ஆற்றங்கரையில் கல்லாகிப்போன ஒரு மரம் நிற்கிறது. வால்ட் மனைவிக்குக் கொடுத்து, மனைவி 1957 இல் பூங்காவுக்குக் கொடுத்த மரம். அப்புறம் வின்னி த பூ சவாரி. பழைய கரடி அரங்கின் சுவரில் பேசிக்கொண்டிருந்த மான், காட்டெருமை, மூஸ் ஆகிய மூன்று தலைகளையும் எறியாமல் அந்தச் சவாரிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். முன்னால் பார்த்தபடி போனால் தெரியாது. கனவு அறையைத் தாண்டியதும் திரும்பிப் பின்னால், மேலே பார்க்க வேண்டும்.

கொண்டாட்டத்துக்குப் போன அக்காவின் மகளிடம் இதை மட்டும்தான் கேட்டேன். ஒன்பது செக்கன் வீடியோ வந்தது, பாதி இருட்டு. கீழே எழுதியிருந்தாள்: "சித்தி, மூண்டு பேரும் இருக்கினம்." கொப்பியை எடுத்து, கோடு போட்ட கரடி அரங்கின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று சிறிய வட்டம் போட்டேன்.