அடைக்கு எந்தக் கோழி உட்காரும்?

குஞ்சு பொரிக்க அடையில் (முட்டை மேல்) உட்கார்ந்திருக்கும் கோழி முட்டை இடாது. அதனால் முட்டைக்காக வளர்த்தவர்கள் அடை உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். லெக்ஹார்ன், மினோர்க்கா, ஆன்கோனா இனங்கள் அப்படி வந்தவை. இவை அடை உட்காரும் என்று நம்பி முட்டை சேர்க்காதீர்கள். பண்ணை ரகக் கலப்பினங்களும் ஏறக்குறைய அதே கதைதான். ரோட் ஐலண்ட் ரெட் எப்போதாவது உட்காரும். ஆர்பிங்டன், சசெக்ஸ் இரண்டும் நடுத்தரம்.

அடைக்கென்றே பிறந்தது சில்க்கி. முட்டையே இல்லாத கூட்டிலும் உட்காரும். ஆனால் உடம்பு சிறியது. பெரிய முட்டை என்றால் ஐந்தாறுக்கு மேல் வைக்க வேண்டாம். அதன் நூல் போன்ற இறகில் குஞ்சின் கழுத்தோ காலோ சிக்கிக்கொள்வதுண்டு, கவனியுங்கள். கொச்சின், பிரம்மா நன்றாகவே உட்காரும், ஆனால் கனம் அதிகம், முட்டை உடையலாம். அசில் நல்ல தாய். குஞ்சுக்குக் கிட்டே போனால் கையைக் கொத்தும்.

இனம் சொல்வது வாய்ப்பை மட்டுமே. கோழியைச் சோதித்துத்தான் முட்டை வைக்க வேண்டும். உட்கார்ந்த கோழி ராத்திரியும் கூட்டைவிட்டு இறங்காது. கை நீட்டினால் இறகைச் சிலுப்பிக்கொண்டு ‘குர்ர்’ என்று கத்தும். அடியில் கை விட்டுப் பாருங்கள்: நெஞ்சு இறகு உதிர்ந்து, வெறும் தோல் சூடாகப் படும். இரண்டு மூன்று நாள் பொய் முட்டையில் உட்கார வையுங்கள். இறக்கிவிட்டால் தீனி தின்றுவிட்டுத் தானாகத் திரும்பி வருகிறதா? அதுதான் தேறிய கோழி.

கூட்டை மாற்றுவதென்றால் இருட்டிய பிறகு மாற்றுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். அதற்கு முன் இறகை விலக்கிப் பேன், செள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். அரிப்பு தாங்காமல் பாதியில் எழுந்துபோகும் கோழிகள் நிறைய.

நடுத்தரக் கோழிக்கு அதன் அளவு முட்டை பத்து முதல் பன்னிரண்டு போதும். இறக்கைக்கு வெளியே ஒன்று தெரிந்தாலும் அதிகம் என்று அர்த்தம். அந்த ஒன்று மட்டும் கெடாது, புரட்டப் புரட்ட எல்லா முட்டையும் முறைவைத்துக் குளிரும். சேவலோடு இருந்த கோழியின் முட்டை, ஏழு நாளுக்குள் இட்டது, கழுவாதது, விரிசல் இல்லாதது வேண்டும். அத்தனையையும் ஒரே நாளில் வையுங்கள். மற்ற கோழி வந்து இட்டுவிட்டுப் போகும், ஆகவே வைத்த முட்டைகளில் பென்சிலால் குறி போடுங்கள். குறி இல்லாததை அன்றன்றே எடுத்துவிடலாம்.

தினமும் ஒருமுறை, கால் மணி நேரம் போல இறங்கி தின்னும், எச்சமிடும். இறங்கவே இல்லையென்றால் நீங்களே தூக்கிவிடுங்கள். தூக்கும்போது இறக்கைக்குள் முட்டை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்தால் சிவந்த நரம்பு சிலந்திபோலத் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி வெடிக்கக்கூடும்.

21-ஆம் நாள் பொரிக்கும். கடைசி மூன்று நாள் கூட்டைத் தொடாதீர்கள். முதலில் வந்த குஞ்சுக்கு உடனே தீனி தேவையில்லை, வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். 23-ஆம் நாளுக்குமேல் மிச்சம் இருப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முட்டை வைக்கப் போவதில்லை என்றால் அடையைக் கலைப்பதுதான் நல்லது, இல்லாவிட்டால் கோழி இளைத்துப்போகும். தண்ணீரில் முக்குவது வீண் கொடுமை. அடியில் கம்பி வலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, வைக்கோல் இல்லாமல், தீனியும் தண்ணீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். அடிவயிற்றில் காற்று பட்டுச் சூடு தணியும். திறந்துவிட்டதும் நேராகக் கூட்டுக்கே ஓடினால் இன்னும் இரண்டு நாள் உள்ளேயே வையுங்கள்.