'தண்ணி கொடுங்க' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலம் படிப்பது என்றாலே டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறோம். முதல் தவறு அதுதான். இலக்கணத்தில் சொல் உருவாகும் விதத்தைச் சொல்வது உருபனியல், வாக்கிய அமைப்பைச் சொல்வது தொடரியல். ஒலிகளைச் சொல்லும் ஒலியியல், பொருளைச் சொல்லும் பொருண்மையியல், இடமறிந்து பேசும் பயன்வழியியல் எல்லாம் அந்த அட்டவணைக்கு வெளியே இருக்கின்றன.

ஆங்கில எழுத்துகள் 26, ஒலிகளோ பிரிட்டிஷ் உச்சரிப்பில் சுமார் 44. எழுத்தைப் பார்த்து அப்படியே வாசித்தால் 'வாக்ட்' (walked) என்று ஒரே அசையில் முடிய வேண்டிய சொல் 'வாக்கெட்' ஆகிவிடும். 'வான்ட்', 'நீட்' போல ட் ஒலியில் முடியும் வினைகளில் மட்டுமே கடைசியில் சேரும் அந்த 'ஈ-டி' (-ed) தனி அசையாக ஒலிக்கும். அழுத்தமும் முக்கியம். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல் என்றால் முதல் அசையை அழுத்த வேண்டும், வினை என்றால் இரண்டாவதை. தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறாததால் நம் காது இதைக் கவனிப்பதில்லை. அகராதியில் பொருளோடு அழுத்தக்குறியையும் பாருங்கள்.

ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஒரே ஆங்கிலச் சொல் என்று எண்ண வேண்டாம். கடன் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ் எபவுட்' என்கிறோம். அங்கே 'எபவுட்' தேவையே இல்லை.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இன்னொரு தவறுதான். 'தண்ணி கொடுங்க' என்பதில் மரியாதை முழுக்க அந்த 'ங்க'வில் இருக்கிறது. அதை 'கிவ் மீ வாட்டர்' என்றால் இலக்கணம் சரி, ஆனால் கேட்பவருக்கு அதட்டலாகத் தெரியும். மனதில் இருந்த மரியாதை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆங்கில வினையில் மரியாதை விகுதி கிடையாது, நீயும் நீங்களும் ஒரே 'யூ'தான். அதனால் கேள்வியாகக் கேட்கிறார்கள்: 'குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?'

அப்புறம், 'நீங்க வரலையா?' என்றால் நாம் 'ஆமா, வரல' என்போம். அந்த 'ஆமா'வை 'யெஸ்' என்று சொன்னால் வந்ததாகவே புரிந்துகொள்வார்கள். கேள்வி எப்படி வந்தாலும் சரி, வரவில்லை என்றால் 'நோ, ஐ டிட்ன்ட்' என்றே சொல்லுங்கள்.