புது நெல் ரகத்துக்கு மாறும் முன்: டெல்டா சிறு விவசாயி தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ரகம் என்றதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும்?" என்பதுதான். காவிரி டெல்டாவில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதற்கு முன் "எத்தனை நாள் பயிர்?" என்று கேட்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். இடையில் வடகிழக்குப் பருவமழை வரும். பயிரின் வயது இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். ஆடுதுறை 36, கோ 51 போன்ற ரகங்கள் சுமார் 110 நாளில் முடிவதால்தான், ஜூனில் தொடங்கும் குறுகிய பருவமான குறுவைக்குப் பொருந்துகின்றன. ஐப்பசி மழை வலுக்கும் முன் நெல் வீடு வந்துவிடும். சி.ஆர். 1009 என்ற நீண்ட வயது ரகத்துக்கு 155 முதல் 160 நாள் வேண்டும். ஆடியில் விதைத்தால் தையில் அறுக்கலாம். தண்ணீர் பிந்தி, புரட்டாசிக் கடைசியில் அதையே விதைத்தால், பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஆண்டில் வயது குறைந்த ரகத்துக்கு மாறிவிடுவதே நல்லது, மூட்டை கொஞ்சம் குறைந்தாலும் சரி.

அடுத்தது, 'வெள்ளம் தாங்கும்' என்ற சொல்லை முழுதாக நம்புவது. சி.ஆர். 1009-க்கு வெள்ளம் தாங்கும் குணம் சேர்த்து உருவாக்கிய சி.ஆர். 1009 சப் 1 நல்ல ரகம்தான். பக்கக் கிளைகள் விட்டுத் தூர் கட்டும் பருவத்தில் மூழ்கினால் வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்து வைத்து, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். ஆனால் நேரடியாக விதைத்த மறுநாளே மழை தேங்கினால் முளைப்பை அது காப்பாற்றாது. கதிர் வந்தபின் மூழ்கினாலும் கைகொடுக்காது. வடிகாலைத் தூர் வாரித்தான் ஆக வேண்டும்.

பக்கத்து ஊரில் நன்றாக வந்ததே என்று வாங்குவதும் உண்டு. அவர் நிலம் மேடு, உங்களது பள்ளம் என்றால் அந்த விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. களர் நிலத்துக்குத் திருச்சி 3 போல அதற்கென்றே ரகங்கள் இருக்கின்றன. பி.பி.டி. 5204 சன்ன அரிசி, வியாபாரி விரும்பி வாங்குவார். ஆனால் குலைநோயும் இலைக்கருகலும் அதை எளிதில் பிடிக்கும். மாடு இருக்கிற வீட்டில் வைக்கோலும் வருமானம், அதை மறக்காதீர்கள். சமைப்பதும் மாட்டுக்குத் தீனி போடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அவர்களைக் கேட்காமல் ரகம் முடிவு செய்வது பெரிய தவறு.

சான்று விதை மூட்டையில் நீல அட்டை இருக்கும். அதைப் பார்த்து வாங்கினாலும் 100 விதையை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் 80-க்குக் குறையாமல் முளைத்திருக்க வேண்டும்.

நாற்றின் வயதுக்கு நம் பெரியவர்கள் சொன்ன கணக்கே போதும்: பயிரின் வயதில் மாதத்துக்கு ஒரு வாரம். 110 நாள் பயிருக்கு 35 நாள் நாற்றைப் பறித்து நட்டால் தூர் பிடிக்காது. அப்புறம் ரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

முழு நிலத்தையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். தயங்குகிற விவசாயியைப் பிடிவாதக்காரர் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு போகம் தவறினால் கடன் ஏறுவது அவர் தலையில்தான். ஒரு மாவில், அதாவது 33 சென்டில், பழைய ரகத்துக்குப் பக்கத்திலேயே, அதே நாளில், அதே உரத்தோடு நட்டுப் பாருங்கள். அறுக்கும்போது அந்த ஒரு மா நெல்லைத் தனியாகக் களத்தில் கொட்டி, தனியாக எடை போடுங்கள்.