பாடசாலைத் தாதியின் பணியை மதிப்பிடும் முறை

அரசாங்கப் பாடசாலைகளில் மாணவரின் உடல்நலத்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினரே கவனிப்பதால், இவ்வழிகாட்டி விடுதிக்கோ நோயறைக்கோ தாதி ஒருவரைத் தாமே நியமித்துள்ள யாழ்ப்பாணப் பாடசாலைகளின் அதிபர்களுக்கு உரியது.

முதலில் யார் எதை மதிப்பிடுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரவு, பதிவேடு, பெற்றோருடனான தொடர்பு ஆகியவற்றை அதிபர் பார்க்கலாம். மருந்தின் அளவும் காயத்துக்குக் கட்டுப்போட்ட முறையும் சரியா என்பதை வைத்தியரோ மூத்த தாதிய உத்தியோகத்தரோதான் சொல்ல வேண்டும்.

அடுத்து, நோயறைப் பதிவேட்டில் எழுந்தமானமாகச் சில பதிவுகளைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் அதன் முடிவுவரை தொடர்ந்து பாருங்கள். நான் அறிந்தவரை இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. "தரம் 8, காய்ச்சல், பனடோல் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது பதிவாகாது. வெப்பநிலை எவ்வளவு, பிள்ளையின் நிறை என்ன, கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் மருந்து கொடுக்கப்பட்டதா, எத்தனை மணிக்கு, வீட்டில் யாருக்கு அறிவிக்கப்பட்டது, பிள்ளை யாருடன் போனது என்பனவும் இருக்க வேண்டும். மாரி மழையோடு டெங்கு தலைகாட்டும் மார்கழி, தை மாதப் பதிவுகளைக் கட்டாயம் பாருங்கள். காய்ச்சலுக்கு இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை கொடுக்கப்பட்டிருந்தால், டெங்குவில் அவை இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும் என்பதால், அது உடனே பேசித் திருத்த வேண்டிய பிழை. பிள்ளைகளின் அந்தரங்கம் பதிவேட்டில் இருப்பதால், பெயர்களை மறைத்துக் காட்டும்படி கேளுங்கள். கேட்குமுன்னரே தாதி பெயர்களை மறைத்திருந்தால் அதையும் அவருடைய தகுதியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பரிசோதனையில் பார்வைக் குறைபாடு கண்டறியப்பட்ட பிள்ளை கண் கிளினிக்குக்குப் போனதா, கண்ணாடி கிடைத்ததா, வகுப்பில் அதைப் போடுகிறதா என்பதைத் தாதி தொடர்ந்து விசாரித்தாரா என்றும் பாருங்கள். ஆஸ்துமா உள்ள மாணவரின் பட்டியலும், காலாவதியாகாத சல்பியூட்டமோல் இன்ஹேலரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று வெயிலில் மயங்கி விழும் பிள்ளையை அவர் எப்படிக் கையாள்கிறார், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை எப்போது அழைக்கிறார் என்பதை நேரில் அவதானிப்பது, பத்துக் கேள்விகள் கேட்பதைவிடப் பயன் தரும்.

நோயறைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு புள்ளி போடாதீர்கள். பரீட்சைக் காலத்தில் வயிற்றுவலி கூடுவதற்குத் தாதி பொறுப்பல்ல. ஆனால் ஒரே பிள்ளை அடிக்கடி வருவதைக் கவனித்து வகுப்பாசிரியருக்கு உணர்த்தினாரா என்பது அவருடைய பொறுப்பு.

இறுதியில் மதிப்பீட்டுப் படிவத்தை அவரிடமே கொடுத்து வாசிக்கச் செய்து, அவருடைய கருத்தையும் எழுதுவித்து, இருவரும் ஒப்பமிடுங்கள். அடுத்த தவணைக்குள் அவர் செய்ய வேண்டியவற்றை எழுதும்போது, நிறைபார்க்கும் தராசு, பூட்டுள்ள அலுமாரி என நிருவாகம் வாங்கிக்கொடுக்க வேண்டியவற்றையும் அதே படிவத்தில் எழுதுங்கள்.