மெயில் போட்டாச்சு, பதில் இல்லை: ஆன்லைன் ஏலத்தில் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஓர் ஏலத் தளத்தில் பழைய கேமரா லென்ஸ் ஒன்றை எடுத்தேன். ஏலம் முடிந்த அன்றே பணத்தைக் கட்டிவிட்டு விற்பவருக்கு மெயில் போட்டேன்: “வீடு மாறிவிட்டேன். தளத்தில் இருப்பது பழைய முகவரி. கீழே உள்ள புது முகவரிக்கு அனுப்புங்கள்.” பதில் இல்லை. மூன்றாம் நாள் இன்னொரு மெயில், அதற்கும் பதில் இல்லை. ஐந்தாம் நாள் பொறுமை போய், தளத்தில் புகார் பதிந்து, இருப்பதிலேயே மோசமான ரேட்டிங்கையும் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் மெயில் இரண்டுமே அவருடைய ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்திருக்கின்றன. அவர் லென்ஸைப் பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டு, ட்ராக்கிங் எண்ணோடு போட்ட மெயில் என் ஸ்பேமில் கிடந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நானோ அவரை ஏமாற்றுக்காரர் என்று ஊரறிய எழுதி வைத்திருந்தேன். அந்த வரி இன்னமும் உறுத்துகிறது. புதிதாக ஏலத்தில் இறங்குபவர்கள் அப்படி ஒரு வரியை எழுதக் கூடாது, எழுதவும் படக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் செய்முறை.

முதலில், மெயில் எப்படிப் போகிறது?

‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் மெயில் நேராக அடுத்தவர் இன்பாக்ஸில் போய் விழுவதில்லை. முதலில் உங்கள் சர்வர் அதை வாங்கிக்கொள்ளும். அப்புறம் எதிர்ப்பக்கத்துச் சர்வரைத் தேடிப்போய் ஒப்படைக்கும். அந்தச் சர்வர் அதை இன்பாக்ஸிலும் போடலாம், ஸ்பேமிலும் தள்ளலாம். எதிர்ப்பக்கம் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை என்றால் உங்கள் சர்வர் விட்டுவிட்டு முயன்றுகொண்டே இருக்கும். எத்தனை நாள்? எஸ்எம்டிபி எனப்படும் மெயில் விதிமுறை 1982-இல் வந்தது. 2008-இல் திருத்தி எழுதப்பட்டது. கைவிடுவதற்கு முன் பொதுவாகக் குறைந்தது 4-5 நாள் முயல வேண்டும் என்கிறது அது.

இதை ஏலக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஈபே என்ற ஏலத் தளத்தில் ஏலம் எடுத்தவர் பணம் கட்ட 4 நாள் கெடு. அதற்கு மேல் விற்பவர் ஆர்டரை ரத்து செய்துகொள்ளலாம். ஆக, “உங்கள் மெயில் போய்ச் சேரவில்லை” என்று சர்வர் சொல்லும்போது பொருளே கைவிட்டுப் போயிருக்கும். சண்டை முளைக்கும் இடம் இதுதான். மெயில் நாள்கணக்கில் காத்திருக்கும், ஏலம் காத்திருக்காது. நடுவில் இருக்கும் மௌனத்தை இரண்டு பேரும் கெட்ட எண்ணம் என்று படித்துவிடுகிறார்கள்.

படி 1: ஏலம் கேட்பதற்கு முன்பே கணக்கைச் சரிபாருங்கள்

தளத்தில் நீங்கள் கொடுத்திருக்கும் மெயில் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா? பழைய அலுவலக முகவரி, படிக்கும்போது கொடுத்த முகவரி எல்லாம் நமக்கே தெரியாமல் செத்துப்போயிருக்கும். அடுத்தது இடம். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. கூகுள் போட்டோஸும் டிரைவும் அதே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. படங்களாலேயே இடம் நிரம்பிவிட்டால் மெயில் வருவது நின்றுவிடும். விற்பவர் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டு முகவரியை மாற்ற வேண்டுமா? பணம் கட்டுவதற்கு முன்பே தளத்தில் மாற்றுங்கள். நான் செய்ததுபோல மெயிலில் சொல்லாதீர்கள். ஆர்டரில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் விற்பவருக்குத் தளத்தின் பாதுகாப்பு கிடைக்கும். மெயிலைப் பார்த்திருந்தாலும் அவர் வேறு முகவரிக்கு அனுப்பத் தயங்கியிருப்பார், அந்தத் தயக்கம் நியாயமானது.

படி 2: பேச்சைத் தளத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். ஏலத் தளங்கள் பலவற்றிலும் வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ள மெசேஜ் பெட்டி இருக்கிறது. அதில் எழுதியது ஸ்பேம் ஃபில்டரில் சிக்காமல் அங்கேயே இருக்கும். உங்கள் மெயிலுக்கு வருவது அதன் நகல்தான். நகல் தொலைந்தாலும் அசல் தொலையாது. பிறகு பிரச்சினை என்று வந்தால், தளத்துக்காரர்கள் முதலில் திறந்து பார்ப்பதும் அந்தப் பெட்டியைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏலத்தில் தோற்றவருக்கு, “ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், பொருள் உங்களுக்கே, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்” என்று மெயில் வருவது நெடுநாளாக நடக்கும் மோசடி. ஈபேயில் உண்மையாகவே ‘இரண்டாம் வாய்ப்பு’ என்ற ஏற்பாடு இருப்பதால் நம்பவும் தோன்றும். உங்கள் கணக்கைத் திறந்து மெசேஜ் பெட்டியைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த மெயில் போலி. மெயிலில் இருக்கும் லிங்க்கைத் தொட வேண்டாம், தளத்துக்கு நீங்களே தனியாகப் போங்கள்.

படி 3: மெயில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால்

தலைப்பில் பொருளின் எண் இருக்கட்டும். உள்ளே ஒரே ஒரு விஷயம், ஒரே ஒரு கேள்வி. இப்படி:

“தலைப்பு: ஏலப் பொருள் எண் (இங்கே எண்) – பணம் கட்டிவிட்டேன்
வணக்கம். செவ்வாய்க்கிழமை பணம் கட்டிவிட்டேன். கிடைத்ததா என்று ஒரு வரி பதில் போடுங்கள். இதையே தளத்தின் மெசேஜ் பெட்டியிலும் எழுதியிருக்கிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இந்த மெயில் தாமதமாகக் கிடைத்தாலும், எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தலைப்பே இல்லாத மெயில், சுருக்கிய லிங்க், ஒரு வரிகூட எழுதாமல் வெறும் அட்டாச்மென்ட் – இவையெல்லாம் ஸ்பேம் ஃபில்டருக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். படங்கள் பெரிதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அட்டாச்மென்ட் மெயிலில் போகும்போது அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 20 எம்பி படம் 27 எம்பி ஆகிவிடும், எதிர்ப்பக்கத்துச் சர்வர் வேண்டாம் என்று திருப்பிவிடலாம். படத்தைச் சின்னதாக்கி அனுப்புங்கள்.

படி 4: ஒரு நாள் பொறுங்கள், அப்புறம் தேடுங்கள்

முதன்முறையாக எழுதுபவரின் மெயிலைச் சில சர்வர்கள் வேண்டுமென்றே “பிறகு வா” என்று திருப்பி அனுப்பும். ஸ்பேம் அனுப்புபவர்கள் மறுபடி முயல மாட்டார்கள், நேர்மையான சர்வர் முயலும் என்பது அதன் கணக்கு. அதனால் சில நிமிடமோ சில மணி நேரமோ தாமதமாவது சகஜம். ஏலம் எடுத்தவரும் விற்பவரும் பெரும்பாலும் முன்பின் எழுதிக்கொள்ளாதவர்கள் என்பதால் இந்தத் தாமதம் நம்மைத்தான் அதிகம் பிடிக்கும்.

ஒரு நாள் ஆயிற்றா? ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேமும் குப்பையும் தேடலில் வராது, அதை மறந்துவிடாதீர்கள். அங்கே கிடப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். கிடைத்தால் ‘ஸ்பேம் அல்ல’ என்று குறித்துவிடுங்கள்.

படி 5: திரும்பி வந்த மெயிலைப் படியுங்கள்

‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் புரியாத மெயில் ஒன்று வந்தால் பலரும் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய சாட்சியே அதுதான். அதில் ஓர் எண் இருக்கும்.

4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், சர்வர் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. 5-இல் தொடங்கினால் முடிந்தது, இனிப் போகாது. கூடவே 5.1.1 என்று இருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை; எழுத்துப்பிழையா பாருங்கள். 5.2.2 என்றால் அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்பு விதியோ ஸ்பேம் சந்தேகமோ காரணம்.

ஆனால் ஒன்று: மெயில் திரும்பி வராவிட்டால் அவர் படித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. ஸ்பேமில் விழுந்த மெயிலும் சர்வர் கணக்கில் ‘ஒப்படைத்தாயிற்று’தான். என் லென்ஸ் கதையில் ஒரு மெயில்கூடத் திரும்பி வரவில்லை.

படி 6: இரண்டாம் முறை எழுதும்போது குற்றம் சாட்டாதீர்கள்

“ஏன் பதில் போடவில்லை?” என்று ஆரம்பிக்காதீர்கள். “என் மெயில் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்” என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலும் உண்மையும் அதுவாகத்தான் இருக்கும். மறுபடியும் மெயிலிலேயே எழுதாமல் வழியை மாற்றுங்கள்: தளத்தின் மெசேஜ் பெட்டி, அல்லது தளம் கொடுத்திருக்கும் தொலைபேசி எண்.

ரேட்டிங்கைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள். ஈபேயில் 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்கு மோசமான ரேட்டிங் கொடுக்க முடியாது. வாங்குபவர் கொடுக்கலாம். அடி ஒரு பக்கம் மட்டுமே விழும் என்பதால், அடிக்கும் முன் கூடுதலாக ஒரு நாள் பொறுக்கலாம்.

அதற்காகப் புகாருக்கான கெடுவைத் தவறவிடவும் கூடாது. பொருள் வரவில்லை என்று ஈபேயில் சொல்ல, வந்துசேர வேண்டிய தேதியிலிருந்து 30 நாள் இருக்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பதிய நேர்ந்தால், “பொருள் வரவில்லை, தொடர்புகொள்ள முடியவில்லை” என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

படி 7: சண்டை வந்தேவிட்டால், மெயிலின் நேரத்தைப் படிப்பது

“அன்றைக்கே அனுப்பினேன்”, “இல்லை, கெடு முடிந்த பிறகுதான் வந்தது” என்று இருவரும் சாதிக்கும்போது மெயிலுக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்று இருக்கும். திறந்தால் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகள் தெரியும். மெயில் தொட்டுவந்த ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே மேலே ஒட்டிக்கொண்டு போகும், அதனால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

ஓர் உதாரணம். கீழ் வரியில் 10:02:11 +0000. அதற்கு மேல் 05:40:37 -0500. பார்த்தால் மெயில் அனுப்புவதற்கு முன்பே வந்ததுபோல் இருக்கிறது, இல்லையா? பின்னால் உள்ள -0500 என்பது அந்தச் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது என்று சொல்கிறது. 5 மணி நேரத்தைக் கூட்டினால் 10:40:37. மெயில் வழியில் நின்றது 38 நிமிடம்.

இந்த வரிகள் மெயிலைப் பெற்றவரிடம் மட்டுமே முழுதாக இருக்கும். உங்கள் ‘அனுப்பியவை’ ஃபோல்டரில் இருக்கும் நகல், நீங்கள் அனுப்பினீர்கள் என்பதைத்தான் காட்டும். அவருக்கு எப்போது வந்தது என்பது அதில் இருக்காது. ஆகவே ஸ்க்ரீன்ஷாட்டை மாற்றி மாற்றி வீசிக்கொள்ளாமல், “உங்களிடம் இருக்கும் மெயிலின் அந்த வரிகளை எடுத்துக் காட்ட முடியுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். ‘படித்துவிட்டார்’ என்று காட்டும் டிராக்கிங் கருவிகளையும் சாட்சியாகக் கொண்டுவர வேண்டாம். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மெயிலில் உள்ள படங்களை யாரும் திறக்காமலே முன்கூட்டி இறக்கிவிடும். படம் இறங்குவதை வைத்துக் கணக்குப் போடும் அந்தக் கருவிக்கு அதுவே ‘படித்தாயிற்று’ என்று தெரியும்.

சொந்த டொமைன் வைத்து விற்பவர்களுக்கு

உங்கள் டொமைனில் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் அமைத்திருக்கிறதா என்று மெயில் சேவை தருபவரிடம் கேளுங்கள். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று எதிர்ப்பக்கத்துச் சர்வர் சரிபார்க்க உதவும் ஏற்பாடுகள் இவை. ஜிமெயிலுக்கு அனுப்புபவர்கள் இவற்றில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கேட்கிறது. இல்லாவிட்டால், “பொருளை அனுப்பிவிட்டேன்” என்று நீங்கள் போடும் மெயில் வாங்கியவரைச் சேராமலே போகலாம்.

படி 8: தவறு தெரிந்ததும் எழுதியதைத் திருத்துங்கள்

புகாரைத் திரும்பப் பெறுவதோடு நிறுத்தாதீர்கள், ரேட்டிங்கும் மாற வேண்டும். ஈபே போன்ற தளங்களில் இதற்கு விற்பவர் ஒரு திருத்தக் கோரிக்கை அனுப்ப வேண்டியிருக்கும். அவராகக் கேட்கக் கூச்சப்படுவார், “அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்” என்று நீங்களே சொல்லுங்கள். நான் மெசேஜ் பெட்டியில் அப்படி எழுதிய அன்று, இருபது நிமிடத்தில் அவரிடமிருந்து கோரிக்கை வந்தது.