சித்திரையில் ஆறு நிறைந்து ஓடுமா? கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி முடித்த வருடம் நான் எழுதிய ஒரு கதையில் சித்திரை மாதக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் குடமுருட்டிக் கரையோரமாக வருகிறார்கள், ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "சித்திரையில ஆத்துல ஏதுப்பா தண்ணி? மணல்ல ஊத்து தோண்டித்தானே குடிச்சோம்" என்றார். அந்தக் கரையில்தான் நானும் வளர்ந்தேன். இருந்தும், படித்த கதைகளில் ஓடிய ஆற்றைத்தான் எழுதியிருந்தேன்.

டெல்டாவில் புதிதாக எழுத வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. இருப்பு போதாத வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும். கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும். தலைமடையில் நாற்று பச்சை பிடித்திருக்கும்போது கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்தபடி நிற்பார். ராத்திரியில் மண்வெட்டியோடு மடைக்குப் போகிறவன், பம்புசெட்காரரிடம் ஒரு மணி நேரத் தண்ணீருக்குப் பேசப் போகிறவள், நகையை அடகு வைக்கிறவர்கள் என்று அந்தக் காத்திருப்புக்குள் எவ்வளவோ நடக்கும். 'ஆறு நிறைந்து ஓடியது' என்று எழுதினால் அத்தனை பேரும் கதையிலிருந்து போய்விடுகிறார்கள்.

கற்பனை ஊறட்டும் என்று படித்துறையில் உட்கார்ந்திருப்பது அடுத்த தவறு. எனக்கு அங்கே ஒரு கதையும் கிடைத்ததில்லை. வேலை நடக்கிற இடத்தில் கிடைத்திருக்கிறது. ஒரு மாசி மாதம், சொந்தக்காரர் ஒருவரோடு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். நாலு நாளாகத் தார்ப்பாய் போட்டுக் குவியலைக் காத்துக் கிடந்த பெரியவர் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். டக்கென்று சத்தம். "காஞ்சிருச்சு" என்றார். மீட்டர் 19 காட்டியது. அவர் எதுவும் பேசவில்லை. கடித்த நெல்லின் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அதைத் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

பஸ் டிக்கெட்டின் பின்னால் அதைக் குறித்து வைத்தேன். ஆறேழு மாதம் கழித்து அது கதையானபோது அதில் நெல்லே இல்லை. கண்ணளவிலேயே துணி வெட்டிப் பழகிய ஒரு தையல்காரர், அவர் அளவை நம்பாமல் டேப்பை எடுக்கிற மகன், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் முகத்தில் பார்த்த வலி மட்டும் மாறாமல் வந்தது.

இப்படி இடம் மாற்றாமல், நடந்ததை அப்படியே தூக்கி வைப்பதும் தவறு. நானும் செய்திருக்கிறேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருவரின் கதையைப் பெயரை மட்டும் மாற்றி எழுதினேன். அது அச்சில் வந்த வாரம் அவர் சொன்னது ஒன்றுதான்: "எங்க வீட்டுக் கிணத்தடியையாவது மாத்தியிருக்கலாம்ல." அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இன்றும் அது எனக்கு ஆறவில்லை. பெயரோடு தொழில், வீடு, உறவு எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்ற மாற்ற அந்த ஆள் உங்கள் பாத்திரமாகிவிடுவார், அவரை என்ன செய்ய வைக்கவும் உங்களுக்குத் தைரியம் வரும்.

பெரிய நிகழ்ச்சியை எழுத வருகிறவர்கள் தகவலைக் கொட்டிவிடுகிறார்கள். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதைக் கதையாக்க முயன்ற கையெழுத்துப் பிரதிகள் சில என்னிடம் வந்திருக்கின்றன. தேதி, வழக்கு, தீர்ப்பு எல்லாம் இருக்கும். கூலி உயர்வாகக் கேட்ட அரைப்படி நெல் ஒரு வரியில் முடிந்துவிடும். படியைக் கோபுரமாக அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் ஒரு கை நெல் வித்தியாசம். அளக்கிறவர் விரல் தலையைத் தட்டும்போது எதிரே முந்தானையை ஏந்தி நிற்கிறவள் எங்கே பார்ப்பாள்? முதலில் அதை எழுதிப் பாருங்கள். தேதியும் தீர்ப்பும் பிறகு வரட்டும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். நாகூரில் 'வாப்பா' என்று கூப்பிடுகிற பையனும், வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளியும், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற கும்பகோணத்து நெசவாளியும் ஒரே தஞ்சாவூர்த் தமிழ் பேச மாட்டார்கள். பச்சை வயல் மட்டும் டெல்டா என்று நினைத்தால் இவர்கள் யாரும் கதைக்குள் வரவே மாட்டார்கள்.

எழுதி முடிப்பதற்குள் டீக்கடையில் கதையைச் சொல்லித் தீர்த்துவிடாதீர்கள். முதல் பத்தியைத் திருத்திக்கொண்டே உட்காராதீர்கள். இரண்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்த வருடம் தண்ணீர் திறந்ததும் உங்கள் ஊர் மதகடியில் போய் நில்லுங்கள். முதலில் தண்ணீர் தெரியாது. சருகும் நுரையும் அழுக்குமாக ஒரு விளிம்பு மணல் மேல் ஊர்ந்து வரும். காய்ந்த மணல் உறிஞ்ச உறிஞ்சக் குமிழி கிளம்பும். அதற்கு முன்னால் பிள்ளைகள் பின்பக்கமாகவே நடந்து வருவார்கள். யார் கால் முதலில் நனைகிறது என்று பார்த்து, அன்று ராத்திரியே குறித்து வையுங்கள்.