போன் அடித்தால் நெட் போகிறதா? முதலில் மாடி போனைக் கழற்றுங்கள்

லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், செம்புக் கம்பியில் லேண்ட்லைனும் பிராட்பேண்டும் சேர்ந்து வரும் எங்கள் தெருக்காரர்கள் இதைத்தான் அடிக்கடி கேட்கிறார்கள். போன் மணி அடித்ததும் நெட் போகிறது, ரிசீவரை எடுத்தால் ஒரே இரைச்சல். புகார் கொடுக்கும் முன் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

போன் அடிக்கும்போது ரவுட்டரின் டிஎஸ்எல் (போன் கம்பியில் வரும் இணையம்) விளக்கைக் கவனியுங்கள். அது சிமிட்டினால் கோளாறு வயரில்தான்.

ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள்ளும் இணையம் சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் ஓடுகின்றன. இரண்டையும் பிரித்துக் கொடுப்பது ஸ்ப்ளிட்டர். சுவரில் உள்ள ரோசெட்டிலிருந்து (போன் வயர் வந்து சேரும் சின்னப் பெட்டி) வரும் வயர் ‘லைன்’ துளையில், ரவுட்டர் ‘மோடம்’ துளையில், போன் ‘போன்’ துளையில். வீடு பெருக்கும்போது கழன்றதை யாராவது மாற்றிச் செருகியிருப்பார்கள், பாருங்கள்.

பெரும்பாலும் வில்லன் மாடியில் இருக்கும் பாரலல் போன், அதாவது அதே லைனில் மாட்டிய இரண்டாவது போன். அதன் வயரை ஸ்ப்ளிட்டருக்கு முன்பே, ரோசெட்டிலிருந்து நேராக இழுத்திருப்பார்கள். அந்த ரிசீவரை எடுத்த நொடியே டிஎஸ்எல் சிக்னல் அடிவாங்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். அதன் பிறகு நெட் போகாமல் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பாரலல் வயரை ‘போன்’ துளையிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் போனுக்குத் தனி ஃபில்டர் (இணைய சிக்னலைப் போனுக்குப் போகாமல் தடுக்கும் சின்னப் பெட்டி) போடுங்கள். காலர் ஐடி பெட்டி, ஃபேக்ஸுக்கும் இதேதான். ரவுட்டர் வயரில் மட்டும் ஃபில்டர் போடவே கூடாது, நெட்டே வராது.

அப்புறமும் இரைச்சலா? ரவுட்டர், ஸ்ப்ளிட்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு போனை மட்டும் ரோசெட்டில் மாட்டி ஏதாவது ஒரே ஓர் இலக்கத்தை அழுத்துங்கள். டயல் டோன் நின்றதும் அமைதியாக இருக்க வேண்டும். கரகரத்தால் ரோசெட்டைத் திறந்து பாருங்கள். திருகில் பச்சை பூத்திருந்தால், கம்பியின் நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கி முடுக்குங்கள். ஈரக்கையோடு தொடாதீர்கள், மணி அடிக்கும்போது அதில் 75 வோல்ட்டுக்கு மேலும் வரலாம். உள்ளே சுத்தமாக இருந்தும் கரகரப்பு நிற்கவில்லையா, வெளி ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். புகாரில் “மோடம் இல்லாமலே இரைச்சல் வருகிறது” என்று எழுதுங்கள். வருகிறவர் நேராகக் கம்பத்தைப் பார்ப்பார்.

டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிந்தும் வைஃபை மட்டும் தடுமாறினால், காரணம் வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கார்ட்லெஸ் போனாக இருக்கலாம். அதன் பேஸை ரவுட்டரிலிருந்து தள்ளி வைத்து, ரவுட்டர் சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பாருங்கள்.